ஆளுக்கு இரண்டு தூண்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டில் எடுத்து வைப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். கடையின் பின்னறையில், சுவரில் சாய்த்து வைத்த ஐந்து தூண்டில்களுக்கு முன்னால் சின்னவன் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் அவர்கள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். பரீட்சை எழுதப் போனபோதுகூட அவன் அவ்வளவு யோசித்ததில்லை. யோசித்திருந்தால் பாஸாகியிருப்பான்.

அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டிலும் கடையிலும் தெருவிலும் அவன் சின்னவன்தான். அண்ணன் பெரியவர், தம்பி சின்னவன், முடிந்தது கதை. பெரியவர் இறந்து ஒரு வருஷம் ஓடியும் இவன் பெயர் மாறவில்லை.

ஐந்தில் இரண்டு அண்ணனுடையவை. ஒன்று நெட்டை. ஈயக்குண்டைக் கட்டி வீசினால், பாலத்தில் நிற்கிற எவனுடைய தூண்டில் நரம்பையும் தாண்டிப் போய்த்தான் விழும். இன்னொன்று, கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியது. அண்ணனுக்கு உள்ளங்கை வியர்க்கும். அடுத்த இரண்டு சின்னவனுடையவை: எதற்கும் ஒத்துவருகிற நடுத்தர உயரத்தில் ஒன்று, இரைக்குப் பொடிமீன் பிடிக்கக் குட்டையாக ஒன்று. ஐந்தாவதற்கு யாரும் சொந்தமில்லை. நடுவில் விரிசல் விட்டு, நாடா சுற்றி ஒட்டியது. மற்றவை மக்கர் பண்ணினால் உதவட்டும் என்று போட்டு வைத்திருந்தார்கள்.

வழக்கமாக அவன் நான்கைத்தான் எடுத்துக்கொண்டு போவான். இன்று அண்ணியும் வருகிறாள். ஆக ஐந்தையும் எடுத்தாக வேண்டும். நான்கோடு போனால் அண்ணன் வரமாட்டார்.

இது புரிய வேண்டுமென்றால் ஆடிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கரையிலிருந்து கடலுக்குள் நீண்டு, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடுகிற பாலம் அது. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் வந்து நின்றனவாம். இப்போது தூண்டில்காரர்களைத் தவிர யாருக்கும் அது தேவையில்லை. வாசலில் ஓர் இரும்புக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை: ஒரு ஆளுக்கு இரண்டு தூண்டில் மட்டும். பலகைக்குக் கீழே ஒரு நாற்காலி, நாற்காலியில் வாட்ச்மேன். அவருக்கு ஆடிட்டர் என்று பெயர் வைத்தது அண்ணன்தான். எத்தனையோ விதிகள் காற்றில் பறக்கிற உலகத்தில் இந்த ஒரு விதியை அந்த மனிதர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்துவந்தார். உள்ளே போகும்போது எண்ணுவார். அது போதாதென்று, அவ்வப்போது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாலத்தின் நுனி வரை நடந்து, தலைகளையும் தூண்டில்களையும் எண்ணிவிட்டு வருவார். ஒன்று கூடியிருந்தால் கெஞ்சினாலும் விடமாட்டார், மிஞ்சினாலும் விடமாட்டார்.

அண்ணனும் தம்பியும் கண்ணாடிக் கடை வைத்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, கடைகளின் முகப்பில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற பெரிய கண்ணாடி எல்லாம் அவர்கள் வேலை. வெட்டுவதற்கு ஒருவன் போதும், தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் "தூக்கு" என்பார். இருவரும் ஒரே மூச்சில் தூக்குவார்கள். "திரும்பு" என்பார், திரும்புவார்கள். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து முத்து உதிராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகம், இந்தப் பக்கம் தம்பி முகம், அப்படியே தெருத் தெருவாக நடந்து பாதி ஆயுசு போயிற்று. ஒரு மத்தியானம் வெட்டு மேஜை மேல் குனிந்த அண்ணன் நிமிரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு, தனியாகத் தூக்க முடிகிற கண்ணாடிகளை மட்டும்தான் சின்னவன் வேலைக்கு எடுத்தான். இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொள் என்று சொல்லாதவர்கள் இல்லை. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறைக்குள் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கை பழக்கதோஷத்தில் நான்கையும் எடுத்துவிட்டது. பாலத்தின் கதவுக்கு வந்த பிறகுதான் அது அவனுக்கு உறைத்தது. ஆடிட்டர் தூண்டில்களை எண்ணினார். அண்ணன் இல்லை, இரண்டை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லச் சின்னவன் வாயைத் திறந்தான். அதற்குள் ஆடிட்டர் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினார்.

"ரெண்டு பேரு, நாலு. சரியா இருக்கு, போங்க. என்ன பெரியவரே, ரொம்ப நாளா ஆளையே காணோம்?"

சின்னவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வெறும் ரோடு, ரோட்டில் வெயில்.

வயசானவர், கண் மங்கல், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தான். அன்று பாலத்தில் நல்ல கூட்டம். தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அவனுக்கு இடது பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகவே கிடந்தது. இடம் தேடி வந்தவர்கள் அங்கே வந்து நின்று, "ஓ, ஆள் இருக்காங்களா," என்று முனகிக்கொண்டு நகர்ந்தார்கள். நடந்து போனவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குக் காலை நீட்டி உட்காருகிற பழக்கம்.

மீன் கடித்தால் ஒலிக்கட்டும் என்று நெட்டையின் நுனியில் கட்டிய மணி ஒருமுறை ஒலித்து அடங்கியது. நரம்பைச் சுற்றி இழுத்துப் பார்த்தபோது, அவன் கட்டாத ஒரு தூண்டில் முள் அதில் கட்டியிருந்தது. முடிச்சுக்கு மேல் மிஞ்சிய நரம்பு பல்லால் கடித்துத் துப்பியது போல நசுங்கியிருந்தது. கத்தரி கையெட்டும் தூரத்தில் இருந்தாலும் அண்ணன் பல்லால்தான் கடிப்பார்.

சாயங்காலம் திரும்பும்போது ஐஸ் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தான். தனியாள், இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். இழுக்கவில்லை. மறுபக்கமும் எழுந்தது. கதவு வரைக்கும் பெட்டி தரையைத் தொடவில்லை. கதவைத் தாண்டியதும் மறுபக்கம் தொப்பென்று விழுந்தது.

பயந்தானா என்றால், பயந்தான்.  இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சபதம் வேறு செய்தான். அடுத்த ஞாயிறு விடிந்ததும் நான்கையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். செத்துப்போன அண்ணனை நினைத்துப் பயந்ததைவிட, வராமல் போய்விடுவாரோ என்ற பயம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு தடவை வேண்டுமென்றே இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். "என்ன தம்பி, இன்னிக்கு ஒண்டியா?" என்றார் ஆடிட்டர். இடது பக்கத்தில் ஒரு குடும்பம் குடையும் பாயுமாக வந்து உட்கார்ந்துவிட்டது. பெட்டியைக் கடைசி வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தான். மூன்றோடு போன அன்று, "பெரியவருக்கு ஒண்ணு போதுமாக்கும்?" என்று ஆடிட்டர் கேட்டார். அப்போது விஷயம் பிடிபட்டது. உள்ளே இருக்கிற ஆட்களுக்குத் தூண்டில் மிஞ்சினால், குறைகிற ஆளாக அண்ணன் வந்துவிடுகிறார். உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான். ஒரு கை குறைகிறது என்றால் கூப்பிடாமலே வந்து நிற்பார்.

அதற்குப் பிறகு சின்னவன் இடது பக்கம் திரும்பியதே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கடை விஷயம், ஊர் விஷயம் எல்லாம் பேசுவான். பதில் வராது. பதில் அவனுக்குத் தேவையாகவும் இல்லை.

இதையெல்லாம் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டுமா, வேண்டாமா? சொல்லியிருக்க வேண்டும். அவள் கடைக்கு மேலேதான் குடியிருந்தாள். தினமும் மாடியேறிப் போய் அவள் கையால்தான் சாப்பிட்டான். எதிரில் உட்கார்ந்து அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள், இவன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். சொன்னால் பயந்துவிடுவாள் என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டான். பிறகு, நம்பமாட்டாள் என்று சொல்லிக்கொண்டான். உண்மை அதுவல்ல. அண்ணனைப் பங்கு போட அவனுக்கு மனசு வரவில்லை. ஞாயிறு மட்டும்தான் அண்ணன் கிடைக்கிறார், அது தன் ஞாயிறு, அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து நேராகக் கடைக்குள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சின்னவன் ஒரு கண்ணாடியை வெட்டக் கீறல் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாலத்து வாட்ச்மேன் மூட்டுவலிக்கு மருந்து வாங்க வந்தார்," என்றாள்.

அவன் கை நின்றுவிட்டது. கீறலைப் பாதியில் நிறுத்தினால் அந்தக் கண்ணாடி கோணலாகத்தான் உடையும்.

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப எளைச்சுட்டாரேம்மா, டானிக் எதாவது குடுக்கக் கூடாதான்னு கேட்டார். அவர் போனது அவருக்குத் தெரியல போல. எனக்கும் சொல்ல வாய் வரல."

சின்னவன் வெட்டுக் கருவியை மேஜையில் வைத்தான்.

"வேற யாரையோ சொல்றார்னு நெனச்சு, என்ன சட்டை போட்டிருந்தார்னு கேட்டேன். முழங்கைல வேற துணி வச்சுத் தைச்ச நீலச் சட்டைன்னார். அந்தச் சட்டையக் கிழிச்சுத்தான் தம்பி நான் தெனமும் தரை தொடைக்கறேன்."

"அண்ணி, நான் பாத்ததில்ல. சத்தியமா ஒரு தடவகூடப் பாத்ததில்ல."

"பாத்தியான்னு நான் கேக்கல. எத்தன நாளாத் தெரியும்?"

"அவர் போன கொஞ்ச நாள்லேருந்து."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். அழுதிருந்தால் இவனும் கூட அழுதிருப்பான். அவள் மேஜையில் சிதறிக் கிடந்த கண்ணாடித் தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதிர்ல உக்காந்து தெனமும் சாப்பிட்டுட்டுப் போனியே," என்றாள். "ஞாயித்துக்கிழம நானும் வரேன். அவர்ட்ட ஒண்ணு சொல்லணும். ஒண்ணே ஒண்ணு."

இப்போது ஞாயிறு விடிந்துவிட்டது. மாடியில் அவள் நடமாடுகிற சத்தம் கேட்டது. சின்னவன் நெட்டையை எடுத்து உறையில் போட்டான். டியூப் சுற்றியதை எடுத்தான். தன்னுடைய இரண்டையும் எடுத்தான். ஐந்தாவதை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

அண்ணி அங்கே வந்து உட்கார்ந்தால் பிறகு தம்பியை யார் பார்ப்பார்கள்? கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததுதானே. அவள் ஜன்னலில் நின்று ஒரு குரல் கொடுத்தால், பிடித்த கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஓடுகிற மனுஷர். இன்று அவள் வா என்றால் எழுந்து போயே விடுவார். கதவைத் தாண்டி, தெருவைத் தாண்டி, மாடிப்படி ஏறிவிடுவார். அப்புறம் நான்கு என்ன, நாற்பது தூண்டில் எடுத்துக்கொண்டு போனாலும் பாலத்தில் காற்றுதான் இருக்கும். 

நான்கோடு போனால் ஒன்றும் நடக்காது. ஆடிட்டருக்குக் கண் சரியில்லை என்று அவளே முடிவு கட்டிவிடுவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவன் ஐந்தாவது தூண்டிலைக் கண்ணாடி அடுக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டான். கேவலமான காரியம்தான். அது தெரிந்துதான் செய்தான்.

அண்ணி இறங்கி வந்தாள். தலையை வாரி முடிந்து, இஸ்திரி போட்ட உடுப்பில், யாரையோ பேட்டி காணப் போகிறவள் மாதிரி இருந்தாள். உறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அஞ்சு இருக்குன்னு சொல்வாரே?"

"ஒண்ணு ஒடஞ்சுபோச்சு அண்ணி," என்றான் சின்னவன்.

பாலத்துக் கதவில் ஆடிட்டர் எழுந்து நின்று அவளுக்கு வணக்கம் வைத்தார். "வாங்கம்மா, அதிசயமா இருக்கு. பெரியவர் வரலையா?"

"இன்னிக்கு வரல," என்று அவள் வாயைத் திறப்பதற்குள் சின்னவன் சொன்னான்.

"ரெண்டு பேரு, நாலு. சரியா இருக்கு."

ஐஸ் பெட்டியை இழுத்தான். கனத்தது. பலகைகளின் இடுக்கில் முட்டி முட்டி வந்தது. வழக்கமான இடத்தில் நான்கு தூண்டில்களையும் வீசி, கைப்பிடிக் கம்பியில் சாய்த்து, நுனிகளில் மணியை மாட்டினான். அண்ணன் உட்காரும் இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான். அவள் அதற்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தைக் காலியாக விட்டாள். உட்கார்ந்த சூட்டோடு ஒரு தடிமனான ஆள் அங்கே வந்து தன் பையைத் தொப்பென்று போட்டு, பக்கத்திலேயே தானும் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். அண்ணி பையையே பார்த்தாள்.

"எப்ப வருவார்?" என்றாள் மெதுவாக.

"சில நாள் வரமாட்டார் அண்ணி."

வெயில் ஏறியது. அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கவில்லை. ஒவ்வொரு முறை மணி ஒலிக்கும்போதும் நிமிர்ந்தாள். ஒவ்வொரு முறையும் அது மீனாகத்தான் இருந்தது. அன்று பார்த்து மீன்கள் அள்ளிக்கொண்டு வந்தன. சின்னவனுக்கு அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தடிமனான ஆள் கிளம்பிப் போன பிறகுதான் அவள் பேசினாள்.

"அந்த வாரம் எங்களுக்குள்ள பேச்சு வார்த்த இல்ல. உனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவற தொட்டில மீன் செதில் அடச்சுக்கிச்சு. அதுக்குத்தான் சண்ட. இதுக்குப் போயி ஒரு மனுஷி வாய மூடிட்டு இருப்பாளா? நான் இருந்தேன். அன்னிக்கு மத்தியானம் எனக்குப் போன் பண்ணார் தம்பி. எடுக்கல. அவர் பேரு வந்து நிக்குது, அடிக்குது, நான் பாத்துட்டே இருக்கேன். கெஞ்சட்டும்னு பாத்தேன். சாயங்காலம் வந்தா நானே பேசிடணும்னுகூட நெனச்சேன்."

 அந்த மத்தியானம் சின்னவன் அண்ணன் கூடத்தான் இருந்தான். "சிரிச்சார் அண்ணி," என்றான். "எடுக்க மாட்டேங்கறா, சாயங்காலம் நேர்ல போயி வாங்கிக் கட்டிக்கறேன்னு சிரிச்சுட்டே போனைப் பையில போட்டார்."

"நீ எனக்கு நல்லதுதான் சொல்லுவே."

"நெஜமா அண்ணி."

"வீட்டுல அவ்ளோ நாள் எதிர்ல உக்காந்திருந்தப்ப சொல்லலையே."

 அவள் குரலில் கோபம்கூட இல்லை. வெறுமனே எடுத்துச் சொன்னாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, உடுப்பைத் தட்டிவிட்டாள்.

"ஒனக்குன்னா வாராவாரம் வரார். நான் வந்ததும் வரல பாரு," என்றாள். "கோவம் தீரல அவருக்கு. செத்த பிறகும் தீரல. சரி, போலாம் வா."

சின்னவன் அந்த இடத்திலேயே செத்தான் என்று சொன்னால் மிகை இல்லை. அவளைப் பாலத்துக்குக் கூட்டிவந்து, அவள் புருஷன் அவளை வேண்டாம் என்கிறார் என்று நம்ப வைத்துவிட்டான். இனி அவள் மிச்சமுள்ள காலத்தை இந்த நினைப்போடுதான் கழிப்பாள். இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. ஐந்தாவதை ஒளித்து வைத்துவிட்டேன், அதனால்தான் அவர் வரவில்லை என்று சொன்னால், இதுவும் ஆறுதலுக்குச் சொல்கிற பொய் என்றுதான் நினைப்பாள். அண்ணன்தான் வர வேண்டும். கடைக்கு ஓடி ஐந்தாவதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் இவள் போய்விடுவாள்.

தூண்டில்களைப் பார்த்தான். ஆடிட்டர் எண்ணுவது போலவே எண்ணினான். நான்கு தூண்டில், இரண்டு ஆள். ஒரு தூண்டில் குறைகிறது என்றுதான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது வேறு மாதிரி தெரிந்தது. தூண்டில் குறையவில்லை, ஓர் ஆள் கூடுதலாக இருக்கிறான்.

"கொஞ்சம் இருங்க அண்ணி," என்று எழுந்தான். "இரை வாங்கிட்டு வந்துடறேன்."

"இரதான் நெறைய இருக்கே. போலாம்னு சொல்றேன்."

"இது பத்தாது. நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க. எனக்காக."

வெறுங்கையோடு நடந்தான். அந்தப் பாலம் அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. ஒரு வருஷமாக இடது பக்கம் திரும்பாமலே பழக்கியிருந்த கழுத்து, அன்றைக்கும் அவன் பேச்சைக் கேட்டது. கதவைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தான்.

ஆடிட்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன தம்பி, நீங்க மட்டும் கெளம்பிட்டீங்க? தூண்டில் எங்க?"

"உள்ள இருக்கு."

"நாலுமா?"

"நாலும்."

"அம்மா ஒருத்தங்கதானே உள்ள இருக்காங்க? தெரிஞ்சவங்கன்னா விட்டுடுவேன்னு நெனச்சீங்களா? ரெண்ட எடுத்துட்டு வரச் சொல்றேன், இருங்க." விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை இழுத்து இழுத்து உள்ளே நடந்தார்.

சின்னவன் கதவுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தான். விசில் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். அலைச் சத்தமும், யாரோ ரேடியோ வைத்திருக்கிற சத்தமும் கேட்டன. அவர் திரும்பி வருவதற்குள் ஒரு யுகம் ஆகிவிட்டது.

ஆடிட்டர் வந்து நாற்காலியில் சாய்ந்து முட்டியை நீவிக்கொண்டார். விசில் கழுத்திலேயே தொங்கியது.

"பெரியவர் உக்காந்திருக்கார்னு முன்னாடியே சொன்னா என்ன தம்பி? இந்த முட்டிய வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் நடந்தேன். எப்ப உள்ள போனார்னே தெரியல. சரி, நீங்க போங்க. அவங்க ரெண்டு பேருக்குத்தான் நாலும் சரியாப் போச்சு, நீங்க சும்மா போயி உக்காந்துக்கலாம்."

"இல்ல, நான் இங்கயே இருக்கேன்," என்றான் சின்னவன்.

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. சந்தோஷம் பாதி, பொறாமை பாதி என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. நாலு எட்டு வைத்தால் உள்ளே. வைத்தால் ஆள் மூன்றாகிவிடும், உள்ளே இருப்பவரில் ஒருவர் இல்லாமல் போய்விடுவார், அது யார் என்று அவனுக்குத் தெரியும். கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆடிட்டர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

வெயில் தணிந்து, கதவைச் சாத்துகிற நேரத்துக்கு அவள் வந்தாள். நான்கு தூண்டில்களையும் விறகுக் கட்டு மாதிரி அணைத்துக்கொண்டிருந்தாள், ஐஸ் பெட்டியை மறந்தே போயிருந்தாள். முடியெல்லாம் கலைந்திருந்தது. ஆடிட்டர் எண்ணினார்.

"நாலும் வந்தாச்சு. பெரியவர் எங்கம்மா?"

"இருக்கார்," என்றாள் அவள்.

சின்னவன் தூண்டில்களை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். தெருவில் கொஞ்ச தூரம் இருவரும் நடந்தார்கள். இரை எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"பேசினாரா?" என்றான் கடைசியில்.

"அவர் என்னிக்குப் பேசினார்? நான்தான் பேசினேன்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ போனதும் எல்லாரும் அந்த எடத்தச் சுத்திச் சுத்திப் போனாங்க. காலக் கொஞ்சம் மடக்குங்க, யாராவது தடுக்கி விழப்போறாங்கன்னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன் தம்பி. அதுக்கப்புறம் எல்லாரும் நேராப் போனாங்க. கோவம் இருந்தா நான் சொல்லிக் கால மடக்குவாரா?"

"மாட்டார் அண்ணி."

"மாட்டார்," என்று அவளும் சொன்னாள். பிறகு நின்றாள். "அடுத்த ஞாயிறு நான் மட்டும் போகட்டுமா? தப்பா நெனச்சுக்காத. சொல்ல வேண்டியது இன்னும் நெறைய இருக்கு. உன்ன வச்சுக்கிட்டு வராது."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கொடுத்துவிடு என்று அந்த முகம் அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. அவன் தலையாட்டினான்.

"எத்தன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டாள்.

அவள் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். அந்தக் கணக்கு உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு என்று சொன்னால் போதும். பெண்பிள்ளை தனியாக எதற்கு அவ்வளவு சுமக்க வேண்டும், இரண்டு போதும் அண்ணி என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாராவாரம் ஏமாந்து, ஒரு நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். ஞாயிறு திரும்பவும் அவனுடையதாகிவிடும். அந்தச் சொல் அவன் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"நாலு," என்றான் சின்னவன். "நானே எடுத்து வச்சிடறேன்."